கூரைக்குள் ஓடும் நீர்

இலக்கியம் பேசும் இப்பக்கத்தில் தண்ணீர்க் குழாய்களையும் கட்டட விதிகளையும் பற்றி எழுத முனைவதை நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். சிலப்பதிகாரத்தின் வஞ்சின மாலையைப் பற்றி எழுதித் தருவதாகத்தான் ஒப்புக்கொண்டிருந்தோம். அதற்கான குறிப்புகளைத் திரட்டத் தொடங்கிய வேளையில், நம்மிடம் படித்து இன்று அமெரிக்காவில் வாழும் மாணவர் இருவரின் வழக்கொன்று நம் மேசைக்கு வந்தது. எரிந்த மதுரையும் எரியாத இரு வீடுகளும் ஒன்றோடொன்று கலந்துபோயின. அக்கலவையையே இங்கே தருகிறோம்.

இருவரும் கணினி அறிவியல் இளநிலை மாணவர்கள். பகுதி ஒன்று தமிழுக்காக நம் வகுப்பில் ஒரே பெஞ்சில் அமர்ந்தவர்கள். தமிழ்ப்பாட வேளையில் நாம் அவ்வப்போது பட்டிமன்றம் நடத்துவதுண்டு. இவர்கள் எப்போதும் எதிரெதிர் அணி. 15 ஆண்டுகள் கழிந்தும் அப்பழக்கம் அவர்களை விட்டபாடில்லை. நடுவராக நம்மையே அழைப்பதும் மாறவில்லை. ஒருவர் வாஷிங்டன் நகரை ஒட்டி, மேரிலாந்து மாநிலத்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியில் புது வீடு வாங்கியிருக்கிறார். மற்றவர் டெக்சஸ் மாநிலத்தில், டாலஸ் நகருக்கு அருகே ஒரு சிறு நகரில் வீடு கட்டக் கொடுத்திருந்தார். கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போன்றது. ஆனால் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும் விதி இயற்றும் அதிகாரமும் உடையது.

மேரிலாந்துக்காரர் தொலைபேசியில் குறைப்பட்டுக்கொண்டார். "வீட்டுக் கூரை முழுவதும் குழாய் ஓட்டியிருக்கிறார்கள் ஐயா. தீப்பிடித்தால் தானே தண்ணீர் கொட்டுமாம். நான் கேட்கவே இல்லை. கவுண்டி கேட்கிறது என்று சொல்லிப் பணத்தை என் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்."

டெக்சஸ்காரருக்கு இது நல்ல வாய்ப்பாயிற்று. "எங்கள் ஊரில் அந்தத் தொல்லை இல்லை ஐயா. நகர மன்றமே விரும்பினாலும் அப்படியொரு விதி போட முடியாது. மாநிலச் சட்டம் தடுத்துவிட்டது. என் வீட்டுக்குள் என்ன இருக்க வேண்டும் என்று நான்தானே முடிவு செய்ய வேண்டும்?"

ஒருவர் வீட்டுக்குள் என்ன இருக்க வேண்டும் என்று ஊர் சொல்லலாமா? ஊர் சொல்லக் கூடாது என்று மாநிலம் சொல்லலாமா? தலைப்பு நல்ல தலைப்புத்தான். ஆனால் பொருள் தெரியாமல் தீர்ப்புச் சொல்லுதல் நடுவருக்கு அழகன்று. ஆகவே சில வாரங்கள் இதையே படித்துக்கொண்டிருந்தோம்.

*

ஸ்பிரிங்க்ளர் என்றவுடன் நம்மவர் கண்முன் நிலக்கடலைக் காட்டில் சுழன்று சுழன்று நீர் தெளிக்கும் குழாய்தான் வரும். இங்கே பேசப்படுவது வேறு. வீட்டின் உட்கூரைக்குள் மறைவாக ஓடும் குழாய்களில் எந்நேரமும் அழுத்தத்துடன் நீர் நிற்கும். அறைதோறும் கூரையிலிருந்து ஒரு சிறு முனை எட்டிப் பார்க்கும். அம்முனையின் வாயைப் பெரும்பாலும் ஒரு கண்ணாடிக் குமிழ் அடைத்துக்கொண்டிருக்கும். குமிழுக்குள் ஒரு திரவம். கீழே தீ எழுந்து, குமிழின் வெப்பம் ஏறத்தாழ 68 டிகிரி செல்சியஸை எட்டும்போது அத்திரவம் விரிந்து குமிழை உடைக்கும், நீர் கொட்டும். யாரும் விழித்திருந்து அதை இயக்க வேண்டியதில்லை. தாளிக்கும் புகைக்கு அது திறவாது. திரைப்படங்களில் காட்டுவது போல் வீடு முழுவதும் ஒருசேர மழை பொழிவதுமில்லை. எந்த முனையருகே வெப்பம் மிகுகிறதோ அந்த முனை மட்டுமே திறக்கும்.

இக்கருவி புதியதும் அன்று. 1874இல் ஹென்றி பார்மலி என்பவர் நியூ ஹேவன் நகரிலிருந்த தம் பியானோ தொழிற்சாலையைக் காக்க இதன் முன்னோடியைப் பொருத்தினார். பிரெடரிக் கிரின்னெல் அதனைச் செம்மைப்படுத்தினார். அதன் பின் நூறாண்டுக் காலம் இக்கருவி பஞ்சாலைகளையும் கிடங்குகளையும் காத்து நின்றது. மனிதர் உறங்கும் வீட்டுக்கு வரவில்லை. சரக்குக்காகப் பேசக் காப்பீட்டு நிறுவனங்கள் இருந்தன. உறங்குகிறவருக்காகப் பேச ஒருவரும் இல்லை போலும். 1973இல் 'அமெரிக்கா பர்னிங்' என்ற தலைப்பில் தேசிய ஆணையம் ஒன்று அளித்த அறிக்கை, அந்நாட்டின் தீச்சாவுகளை வெளிச்சத்துக்குக் கொணர்ந்தது. 1975இல் வீடுகளுக்கென்றே முதல் நீர்த்தெளிப்பான் தரநிலை வெளிவந்தது.

வீட்டுக்கு இது தேவைதானா என்று கேட்போருக்கு ஒரு சோதனையைச் சொல்லலாம். அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ் என்னும் அமெரிக்க ஆய்வு நிறுவனம் இரண்டு அறைகளை அமைத்துத் தீ வைத்துப் பார்த்தது. ஒன்றில் பழங்காலத்து மரச் சாமான்கள், பருத்தித் துணிகள். மற்றதில் இன்று கடைகளில் விற்கும் நுரைமெத்தை சோபாக்கள், செயற்கை இழைத் திரைகள். பழைய அறை முழுமையும் ஒருங்கே பற்றிக்கொள்ள 29 நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. புதிய அறைக்கு 4 நிமிடம்கூட ஆகவில்லை. எவ்வளவு விரைந்து வந்தாலும் தீயணைப்பு வண்டி 4 நிமிடத்துக்குள் வந்து குழாயை விரித்துவிட முடியாது. அமெரிக்காவில் வீட்டுத் தீயினால் மட்டும் அண்மைய ஆண்டுகளில் ஆண்டொன்றுக்கு 2,500 பேருக்கு மேல் இறந்து வருகின்றனர்.

*

இனி ஊர்களின் கதைக்கு வருவோம்.

அரிசோனா மாநிலத்தில் ஸ்காட்ஸ்டேல் என்றொரு நகரம், பாலைநிலத்து ஊர். 1985இல் அந்நகர மன்றம் ஒரு விதியை இயற்றியது. 1986 ஜனவரி முதல் கட்டப்படும் ஒவ்வொரு புது வீட்டிலும் நீர்த்தெளிப்பான் இருந்தாக வேண்டும். வீடு கட்டித் தரும் நிறுவனங்கள் எதிர்த்தன. மன்றம் அவர்களோடு பேரம் பேசியது: தெருவின் அகலத்திலும், தெருவோரத் தீயணைப்புக் குழாய்களின் இடைவெளியிலும் தளர்வுகள் தந்தது. கட்டாயத்தையும் சலுகையையும் சேர்த்துக் கொடுத்த அந்த நடைமுறை அறிவு நம்மைக் கவர்ந்தது. 15 ஆண்டுகள் கழித்து அந்நகரம் கணக்குப் பார்த்தபோது வீடுகளில் பாதிக்கு நீர்த்தெளிப்பான் வந்திருந்தது. அக்காலத்தில் நீர்த்தெளிப்பான் உள்ள வீடுகளில் 49 தீவிபத்துகள், ஒருவரும் இறக்கவில்லை. இல்லாத வீடுகளில் 13 பேர் இறந்தனர். தீயொன்றுக்கு ஏற்பட்ட சராசரிப் பொருளிழப்பு அங்கே 2,166 டாலர், இங்கே 45,019 டாலர்.

நம் மாணவர் வாழும் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியும் இவ்வழியில் முன்னோடியே. அங்கே 1992 முதல் எல்லாப் புது வீடுகளுக்கும் இது கட்டாயம். 2007 வரையிலான 15 ஆண்டுகளின் கணக்கு வெளிவந்திருக்கிறது. நீர்த்தெளிப்பான் இல்லாத வீடுகளில் 101 பேர் இறந்திருக்கிறார்கள். உள்ள வீடுகளில் ஒருவருமில்லை. "ஐயா, இதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே" என்றார் மேரிலாந்துக்காரர். அதன் பின் அவர் குறைப்படுவதை நிறுத்திக்கொண்டார்.

இக்கணக்குகள் எங்கிருந்து வந்தன என்பதுதான் நாம் நண்பர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புவது. ஏதோ ஓர் ஊர், ஏதோ ஒரு கவுண்டி, பிறர் செய்யாத ஒன்றைத் தன் எல்லைக்குள் செய்து பார்த்தது. 15 ஆண்டு பொறுத்திருந்து எண்ணிச் சொன்னது. அதைக் கண்டு மற்றவர் கற்றனர். 2008 செப்டம்பரில் மினியாபொலிஸ் நகரில் கூடிய கட்டட விதி அலுவலர்கள், தங்கள் மாதிரி விதித்தொகுப்பில் ஒன்றிரண்டு குடும்பங்கள் வாழும் புது வீடுகளுக்கும் நீர்த்தெளிப்பானைச் சேர்க்க வாக்களித்தனர். 2011 ஜனவரி முதல் கலிபோர்னியா மாநிலம் முழுவதும் அது நடைமுறைக்கு வந்தது. மேரிலாந்தும் ஏற்றது; 2012இல் இவ்விதியைக் கவுண்டிகள் நலிவுறச் செய்வதைத் தடுத்தும் சட்டம் இயற்றியது.

மாதிரி விதித்தொகுப்பு என்பது பரிந்துரைதான். மாநிலமோ ஊரோ அதனை ஏற்றுச் சட்டமாக்கினாலன்றி அதற்கு வலுவில்லை. வீடு கட்டும் தொழிலமைப்புகள் மாநிலச் சட்டமன்றங்களை நாடின. டெக்சஸ் 2009இலேயே கதவை அடைத்துவிட்டது: 2009 ஜனவரி 1க்குப் பின் எந்த நகரமும் ஒன்றிரண்டு குடும்ப வீடுகளுக்கு நீர்த்தெளிப்பானைக் கட்டாயமாக்கும் விதியை இயற்றலாகாது. பென்சில்வேனியா தன் விதித்தொகுப்பின் வழியே 2011 ஜனவரியில் வந்த கட்டாயத்தை அவ்வாண்டே நீக்கியது. வேறு பல மாநிலங்களும் இவ்வழியே சென்றன. எல்லாவற்றினும் வியப்பானது அரிசோனா. ஸ்காட்ஸ்டேல் வழிகாட்டிய அதே மாநிலம், நகரங்கள் வீடுகளுக்கு நீர்த்தெளிப்பானைக் கட்டாயமாக்குவதைத் தடை செய்துவிட்டது. 2009 டிசம்பர் 31க்கு முன்னரே விதி இயற்றியிருந்த ஊர்களுக்கு மட்டும் விலக்கு. ஸ்காட்ஸ்டேல் தப்பியது. ஆனால் அரிசோனாவில் இன்னொரு ஸ்காட்ஸ்டேல் தோன்ற வழியில்லை.

நாற்றங்காலில் பயிர் வளர்த்து வயலில் நடுவது நம் உழவர் வழக்கம். ஊராட்சிகள் சட்டத்தின் நாற்றங்கால் என்று நமக்குப் படுகிறது. நட்ட வயலை அழித்தால் ஒரு போகம் போகும். நாற்றங்காலையே மூடிவிட்டால் அடுத்த போகத்துக்கும் வழியில்லை.

மாநிலத்துக்கு இவ்வளவு அதிகாரமா என்று கேட்கலாம். அமெரிக்க அரசமைப்பில் நகரம் என்ற சொல்லுக்கே இடமில்லை. 1868இல் அயோவா மாநில உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி ஜான் டில்லன், ஊராட்சிகள் சட்டமன்றத்தின் படைப்புகளே என்றும், படைத்தவர் தந்த அதிகாரம் மட்டுமே அவற்றுக்கு உண்டு என்றும் தீர்ப்பளித்தார். டில்லன் நெறி என்று அதைச் சொல்வர். அதற்கு மாற்றாகப் பல மாநிலங்கள் ஊர்களுக்குத் தன்னாட்சி வழங்கின. இல்லினாய் மாநிலத்தின் 1970ஆம் ஆண்டு அரசமைப்பு, 25,000 பேருக்கு மேல் வாழும் ஊர்களுக்கெல்லாம் தாமாகவே தன்னாட்சி உண்டென்றது. சிகாகோவைச் சுற்றியுள்ள ஊர்கள் பல வீடுகளுக்கு நீர்த்தெளிப்பானைக் கட்டாயமாக்க முடிந்தது அதன் பயனே.

*

இவ்விடத்தில் நம் சொந்த நினைவொன்றைச் சொல்லாமல் மேலே செல்ல இயலவில்லை.

2004ஆம் ஆண்டு ஜூலை 16, வெள்ளிக்கிழமை. நாம் கும்பகோணத்தில், காவிரிக்கரையிலிருக்கும் அரசு கலைக் கல்லூரியில் தமிழ் முதுகலை படித்துக்கொண்டிருந்தோம். அன்று முற்பகல் ஊரின் பள்ளிக் கட்டடம் ஒன்றில், சமையற்கூடத்தில் எழுந்த தீ மாடியின் கீற்றுக்கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் இறந்தனர். இதனை நாட்டில் அறியாதார் இலர். விரித்துரைக்க நமக்கு மனமில்லை. அன்று பிற்பகல் நாங்கள் நால்வர் மருத்துவமனைக்குப் போனோம், குருதி தேவைப்படுமோ என்று. வாயிலில் கூடியிருந்த கூட்டத்தில் பெயர்ப்பட்டியலை ஒருவர் படிக்க முயன்றார், குரல் எழவில்லை. இவர்கள் தமிழ் படிக்கிறவர்கள், உச்சரிப்புத் தெளிவாயிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். தாள் நம் கைக்கு வந்தது. பெயர், தந்தை பெயர், வகுப்பு. படித்தோம். ஒவ்வொரு பெயருக்கும் கூட்டத்தில் ஓரிடத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அதற்குப் பின் நெடுநாள், வகுப்பில் செய்யுளை எழுந்து நின்று உரக்கப் படிக்கும் முறை வந்தபோதெல்லாம் நாங்கள் நால்வரும் ஏதேனும் சாக்குச் சொல்லி அமர்ந்துகொண்டோம்.

அதன் பின்னர் விதிகள் வந்தன. பள்ளிகளின் கீற்றுக்கூரைகள் அகற்றப்பட்டன. நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. அத்தீவிபத்தையொட்டித் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், பாதுகாப்பான பள்ளியும் கல்வி உரிமையின் ஒரு கூறே என்று தீர்ப்பளித்தது. எல்லாம் நல்லவையே. எல்லாம் அந்தத் தாளைப் படித்த பிறகு வந்தவை.

கீற்றுக்கூரைப் பள்ளிக்கும் அமெரிக்கப் புது வீட்டுக்கும் என்ன ஒப்பு என்று கேட்கலாம். கட்டடத்தில் ஒப்பில்லை. ஆனால் தீ பற்றிய விதிகள் பெரும்பாலும் ஏதேனும் ஒரு பெயர்ப்பட்டியலுக்குப் பின்னரே பிறக்கின்றன என்பதை அன்று அந்த வாயிலில் நின்று அறிந்தவர் நாம். அப்படியிருக்க, பட்டியலுக்குக் காத்திராமல் முன்கூட்டியே விதியெழுதத் துணிந்த ஊர்கள் சிலவற்றைக் காணும்போது நமக்கு மதிப்பு உண்டாகிறது. அத்துணிவைச் சட்டம் போட்டுத் தடுப்பதைக் காணும்போது சினம் உண்டாகிறது. நடுவர் சினங்கொள்ளலாகாது, ஆயினும் உண்மையைச் சொல்லிவிடுகிறோம்.

*

வஞ்சின மாலைக்கு நாம் எடுத்த குறிப்பில் முதல் வரி இது: கண்ணகியின் தீ ஏவல் கேட்கும் தீ. எவரை விட்டுவிட வேண்டும் என்று அவள் தீக்கடவுளிடம் பட்டியல் இட்டுச் சொல்கிறாள். அப்பட்டியலில் முதியோரும் உண்டு, குழந்தைகளும் உண்டு. தீயவரிடம் மட்டும் செல்க என்பது அவள் கட்டளை. இளங்கோவடிகள் அந்த விலக்கை ஏன் வைத்தார் என்று வகுப்பில் ஆண்டுதோறும் வினவுவோம். மாணவர் பலவாறு விடை சொல்வர். இவ்வாண்டு நமக்கே ஒரு விடை தோன்றியது. உலகத்துத் தீ செய்வது நேர் எதிரானது; எழுந்து ஓட இயலாதவரையே அது முதலில் அடைகிறது. அமெரிக்கத் தீச்சாவுக் கணக்குகளிலும் முதியோருக்கே ஆபத்து மிகுதி. காப்பியத்தில் கண்ணகி ஒரு சொல்லால் செய்ததை நாம் ஏதேனும் ஒரு கருவியாலும் ஒரு விதியாலும்தான் செய்தாக வேண்டும்.

இதை டெக்சஸ்காரருக்கு எழுதினோம். அவர் சளைக்கவில்லை. அவருடைய வாதங்களையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். முதலாவது: புது வீடுகளில் புகை அறிவிப்பான்கள் ஏற்கெனவே கட்டாயம், சாவுகள் மிகுதியும் பழைய வீடுகளில்தான் நிகழ்கின்றன. இரண்டாவது: செலவு. ஓராயிரம் டாலர் கூடினாலும் வீடு வாங்கும் எல்லைக்கு வெளியே தள்ளப்படும் குடும்பங்கள் உண்டு. மூன்றாவது: வேண்டுவோர் பொருத்திக்கொள்ளட்டும்; டெக்சஸ் சட்டம் தடுப்பது கட்டாயத்தைத்தானே அன்றி நீர்த்தெளிப்பானை அன்று.

முதல் வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் இன்றைய புது வீடு இன்னும் 30 ஆண்டில் பழைய வீடு. புகை அறிவிப்பான் எழுப்பிவிடும்; எழுந்து நடக்க முடியாதவரை அது தூக்கிச் செல்லாது. இரண்டாவதிலும் உண்மை உண்டு. 2013இல் வெளியான ஆய்வொன்று புது வீட்டில் சதுர அடிக்குச் சராசரி 1.35 டாலர் ஆகும் என்றது. 2,500 சதுர அடி வீட்டுக்கு 3,400 டாலர் அளவு. கிணற்று நீரை நம்பிய இடங்களில் தொட்டியும் பம்பும் வேண்டியிருப்பதால் இன்னும் கூடும். சிறு தொகை என்று நாம் சொல்ல மாட்டோம். ஸ்காட்ஸ்டேல் தந்தது போன்ற சலுகைகளால் குறைக்கத் தக்க தொகை என்று மட்டும் சொல்வோம்.

மூன்றாவது வாதத்துக்கு நாம் விடை தேட வேண்டியிருக்கவில்லை. அவர் வாழ்க்கையே விடை தந்துவிட்டது.

அவருடைய தாயார் ஊரில் தனியே இருந்தார். எழுபதைக் கடந்தவர், இரு முழங்காலிலும் அறுவை சிகிச்சை. மகன் அவரைத் தம்மோடு அழைத்துக்கொள்ள முடிவு செய்தார். வீட்டின் வரைபடத்தில் தாயாரின் அறை மாடியில். வீடு மரச்சட்டங்களாய் நின்ற நிலை. சுவர்ப்பலகைகள் இன்னும் அடிக்கப்படவில்லை. குழாய் ஓட்டுவதானால் அப்போதே ஓட்டியாக வேண்டும். பட்டிமன்றம் அவரை விட்டு எங்கோ போயிற்று. கட்டுநரிடம் போய்க் கேட்டார். "எங்கள் வரைபடங்களில் அது இல்லை. அவ்வேலைக்கு எங்களிடம் ஆள் இல்லை. ஒரு வீட்டுக்காக மாற்றினால் தெரு முழுவதும் காலம் தள்ளிப்போகும்" என்றார்களாம். பணம் தருவதாகச் சொல்லியும் பயனில்லை. நகர அலுவலகத்தில் கேட்டார். பொருத்திக்கொள்ளத் தடையில்லை, ஆனால் கட்டுநரை வற்புறுத்த எங்களுக்கு அதிகாரமில்லை என்று பணிவாகச் சொன்னார்களாம்.

"சட்டம் எனக்கு உரிமை தருகிறது என்று சொன்னேனே ஐயா. அந்த உரிமை எனக்கில்லை, அவர்களுக்குத்தான் என்று இப்போது தெரிகிறது" என்று எழுதியிருந்தார். கீழ்த்தளத்தில் தமக்கென்று வைத்திருந்த படிப்பறையைத் தாயாருக்குக் கொடுத்துவிட்டார். ஒன்று ஒலித்தால் எல்லாம் ஒலிக்கும் புகை அறிவிப்பான்களோடு, தாயாரின் அறையிலிருந்து நேரே தோட்டத்துக்குத் திறக்கும் ஒரு கதவும் வைத்திருக்கிறார். நல்ல மகன். இயன்றதைச் செய்தார்.

*

தீர்ப்புக்கு வருவோம்.

ஊர் எது செய்தாலும் நன்று என்று நாம் கருதவில்லை. அமெரிக்க ஊராட்சிகள் தங்கள் கட்டட, நில விதிகளை எளியவரை விலக்கும் வேலியாகவும் பயன்படுத்தியிருக்கின்றன. கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரம் கறுப்பினத்தவர் எந்தத் தெருவில் குடியிருக்கலாம் என்றே விதி எழுதியது. 1917இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனைத் தள்ளியது. ஆகவே ஊரின் மீது மேற்பார்வை வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இருவகைத் தடைகளுக்குள் வேறுபாடு காண வேண்டும். "உயிர்க்காப்பில் இதற்குக் குறையலாகாது" என்று மாநிலம் சொல்வது ஒன்று. மேரிலாந்து சொன்னது அது. "இதற்கு மேல் செய்யலாகாது" என்று சொல்வது மற்றொன்று; டெக்சஸ் சொன்னது அது. முன்னதில் ஊரின் அதிகாரம் குறைந்தாலும் உறங்குகிறவருக்கு நன்மை. பின்னதில் ஊரும் குறைகிறது, உறங்குகிறவரும் கைவிடப்படுகிறார்.

வீட்டைக் கட்டுபவர் அதில் வாழ்வதில்லை. வாங்குபவர் வருவதற்குள் கூரை மூடப்பட்டுவிடுகிறது. வாடகைக்கு வருபவரை யாரும் கேட்பதில்லை; பின்னாளில் பிறக்கப்போகும் குழந்தையைக் கேட்கவே இயலாது. இவர்கள் அனைவருக்குமாக முன்கூட்டிப் பேசத்தக்க அமைப்பு ஒன்று வேண்டும். தீயணைப்பு வண்டியை அனுப்புவதும், மறுநாள் அத்தெருவினருக்கு விடை சொல்ல வேண்டியிருப்பதும் பெரும்பாலும் ஊராட்சியே. அதற்கு அந்த வாய் இருக்கட்டும். ஆகவே மேரிலாந்து அணியே வென்றது என்று அறிவித்தோம். தோற்றவர் மறுப்புச் சொல்லாதது இதுவே முதல் முறை.

நம் நாட்டை நோக்கினாலும் மகிழ்வதற்கு மிகுதியில்லை. 74ஆம் அரசமைப்புத் திருத்தம் 1992இல் நிறைவேறியபோது சேர்க்கப்பட்ட 12ஆம் அட்டவணை, நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைச் சொல்கிறது. கட்டடங்களை முறைப்படுத்துதல் அதில் இரண்டாவது, தீயணைப்பு ஏழாவது. தமிழ்நாட்டிலோ தீயணைப்பு இன்றும் மாநில அரசின் துறை. கட்டட விதிகளும் 2019 முதல் மாநிலம் முழுமைக்கும் ஒன்றே. தேசியக் கட்டட விதித்தொகுப்பு தன்னளவில் பரிந்துரைதான். உத்திரமேரூர்க் கல்வெட்டின் குடவோலையையும் ஏரி வாரியத்தையும் வகுப்பில் பெருமிதத்தோடு சொல்கிறோம். நம் நகராட்சி தன் தெருக்களுக்கென்று ஒரு தீப்பாதுகாப்பு விதியை எழுதிப் பார்க்க விரும்பினால் அதற்கு எவ்வளவு இடமுண்டு என்று நாம் கேட்டதில்லை. இனிக் கேட்பதாக இருக்கிறோம். நம் வார்டு உறுப்பினருக்கு எழுதிய மடல் முடிந்துவிட்டது. நாளை நேரில் கொடுக்க வேண்டும்.

நண்பர்களில் கட்டடத் துறையிலோ தீயணைப்புத் துறையிலோ இருப்போர் நம் கருத்தில் பிழை காணின் தயங்காது எழுதுக. மேல்முறையீட்டுக்கு இடமுண்டு. வஞ்சின மாலைக் கட்டுரையை அடுத்த மாதம் தருகிறோம்.